தரையிலேயே துடுப்பு வலிக்கப் பழகலாம்: ஸ்டாண்ட்-அப் பேடிலுக்கு ஆறு வாரத் தயாரிப்பு

நீளமான பலகையின்மேல் நின்றபடி துடுப்பு வலித்துப் போவதுதான் ஸ்டாண்ட்-அப் பேடில். சென்னையை அடுத்த முட்டுக்காடு கழிமுகத்தில் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். ஜிம் உடம்போடு ஒரு தம்பி பலகையில் ஏறுவார். முதல் பதினைந்து நிமிடம் புஜபலத்தில் இழுத்துத் தள்ளுவார். அரை மணி ஆனதும் தோளைப் பிடித்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஐம்பது வயது அக்கா ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் போய்த் திரும்பி வந்துவிடுவார். அக்காவுக்கு இடுப்பை மடக்கத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இடுப்பை மடக்குவது, மேல் உடம்பைத் திருப்புவது, துடுப்பை நட்டு நிறுத்துவது ஆகிய மூன்றையும் மொட்டை மாடியில் பழகிவிட முடியும். தண்ணீரில் முதன்முதலாகப் பழகுவது கஷ்டம். பலகை ஆடும், காற்று தள்ளும், விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. எது தப்பு என்று உடம்புக்குப் புரியவே புரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைப் பக்கக் கடல் புதியவர்களுக்கு ஆகாது. தரைப் பயிற்சிக்கு அந்த மாதங்கள்தான் தோது.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எல்லாரும் வலுப் பயிற்சியில் ஆரம்பிப்பார்கள். நான் அதைப் பத்தாவதாக வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான்.

1. ஆரம்பிக்கும் முன் நான்கு சோதனைகள்

சுவரைப் பார்த்து நில்லுங்கள். கால் பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். முடியவில்லை என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது. பலகை ஆடும்போது முதலில் வேலை செய்வது கணுக்கால்தான்.

சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கட்டைவிரலால் சுவரைத் தொடுங்கள். இடுப்பு வளைந்து சுவரை விட்டு விலகினால், குறை தோளிலும் மேல்முதுகிலும் இருக்கிறது.

ஒற்றைக்காலில் 30 விநாடி. முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் 30 விநாடி. இரண்டும் ஆடாமல் வர வேண்டும்.

தேறாவிட்டால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. எந்தப் பகுதியில் கூடுதல் நாள் செலவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது. ஆனால் தோள் மூட்டிலோ கீழ்முதுகிலோ பழைய வலி இருப்பவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்துவிட்டே ஆரம்பிக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் இந்த ஆறு வாரத்தை நீச்சல் குளத்தில் கழியுங்கள். தரைப் பயிற்சி எங்கும் ஓடிப்போகாது.

2. சேகரிக்க வேண்டியவை

உண்மையான துடுப்பு தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒன்றும் அதற்கான டி ஜாயிண்ட் ஒன்றும் வாங்குங்கள். பைப்பின் தலையில் டி ஜாயிண்ட்டை மாட்டினால் துடுப்பின் மேல்பிடி தயார். கீழ்முனைக்குக் கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். பைப்பைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். துடுப்பு நம் உயரத்தைவிட 15 முதல் 25 செ.மீ. கூடுதலாக இருக்கும். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 185 செ.மீ. வாக்கில் வரும். அந்த நீளத்துக்கே பைப்பை வெட்டினால் தரையில் பழக முடியாது. ஏனென்றால் தண்ணீரில் துடுப்பின் அகன்ற அடிப்பகுதியான பிளேடு முழுக்கக் காலுக்குக் கீழே மூழ்கியிருக்கும், தரையில் அது மூழ்காது. பிளேடின் நீளத்தை, சுமார் 45 செ.மீ., கழித்துவிடுங்கள். 140 செ.மீ. போதும்.

இவை போக, கதவு போன்ற எடையான எதிலாவது கட்டக்கூடிய நீளமான ரப்பர் பட்டை, யோகா பாய், பழைய காட்டன் வேட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன், சாக்பீஸ், கைபேசியை நிறுத்தி வைக்க ஒரு செங்கல்.

ரப்பர் பட்டையை மொட்டை மாடியில் விட்டுவிட்டு வராதீர்கள். வெயிலில் காய்ந்து நுண்ணிய விரிசல் விடும். எனக்கு ஒருநாள் இழுவையின் நடுவில் அறுந்து உதட்டில் அடித்தது. ஒரு வாரம் சாம்பார் எரிந்தது. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, விரிசல் தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.

3. இறுகியதை இளக்குதல் (தினமும் 8 நிமிடம்)

சுவரோரம் செய்த அந்த முட்டிச் சோதனையையே பயிற்சியாக ஒரு காலுக்கு 15 முறை. பிறகு ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல் கையை மட்டும் புத்தகம் திறப்பது போல் மறுபக்கம் கொண்டுபோகும் மேல்முதுகுத் திருப்பம், பக்கத்துக்கு 10 முறை. கடைசியில் பைப்பை அகலமாகப் பிடித்துத் தலைக்கு மேல் மெதுவாகத் தூக்கி இறக்குவது 10 முறை.

வீட்டில் கர்லாக்கட்டை இருந்தால் இந்த மூன்றாவதற்குப் பதில் அதையே சுற்றலாம். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். தோளை எல்லாத் திசையிலும் எண்ணெய் போட்ட மாதிரி ஆக்குவதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

மேல்முதுகு திரும்பாதவர்கள் அந்தக் குறையைக் கீழ்முதுகிலும் தோளிலும் ஈடுகட்டுவார்கள். வலி வரும் வழி அதுதான். இந்தப் பகுதியை முதலிலேயே வைத்ததும் அதனால்தான்.

4. நிற்கும் நிலை

தரையில் சாக்பீஸால் பலகையை வரையுங்கள். புதியவர்களுக்குத் தருகிற பலகை பெரும்பாலும் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், அதாவது ஏறக்குறைய 320 செ.மீ.க்கு 81 செ.மீ. பலகையைத் தூக்க நடுவில் இருக்கும் கைப்பிடிக்கு ஒரு கோடு. கோலமாவு கையருகே இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், காலில் ஒட்டி வழுக்கும்.

கைப்பிடிக் கோட்டின் இருபுறமும் தோள் அகலத்தில் பாதங்கள். விரல்கள் நேராக முன்னே. முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். பார்வை தூரத்தில் ஏதாவது ஒரு தண்ணீர்த் தொட்டியிலோ தென்னை மரத்திலோ.

இங்கே இரண்டு பிழைகளைப் பார்க்கிறேன். ஒன்று, அலைச்சறுக்கில் நிற்பது போல ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. தட்டையான நீரில் அப்படி நின்றால் பலகை பக்கவாட்டில் ஆடும்போது தாங்க இரண்டு பக்கமும் சமமாகக் கால் இருக்காது. இரண்டாவது, கால்விரல்களால் தரையைக் கவ்வுவது. இது பயத்தில் தானாக வருவது. பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும். தரையில் நிற்கும்போதே அவ்வப்போது பத்து விரல்களையும் மேலே தூக்கி விடப் பழகுங்கள்.

5. இடுப்பை மடக்குதல்

இந்தப் பகுதிக்கு மட்டும் முழுதாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஜிம்மில் இதை ஹிப் ஹிஞ்ச் என்பார்கள். தொடையும் இடுப்பும் சேரும் மூட்டில் மடங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது.

பைப்பை முதுகோடு சேர்த்து நேராகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்புப் பகுதி என மூன்று இடத்தில் அது தொட வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதேபோல் பின்புறத்தால் சுவரைத் தொட்டுவிட்டு நிமிருங்கள். மூன்று தொடுபுள்ளியில் ஒன்று விலகினாலும் அந்த முறை கணக்கில் சேராது. 15 முறை, மூன்று சுற்று.

சரியாக வருகிறதா என்று எப்படித் தெரியும்? தொடையின் பின்பக்கம் இழுக்க வேண்டும். கீழ்முதுகு இழுத்தால் முதுகைத்தான் வளைக்கிறீர்கள். முட்டி முன்னே ஓடினால் குந்துகிறீர்கள், மடங்கவில்லை. நாற்று நடுகிறவர்கள் பகலெல்லாம் குனிந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். முதுகு பலகை மாதிரி இருக்கும், மடிப்பு முழுக்க இடுப்பு மூட்டில் இருக்கும். நாமோ கைபேசியைப் பார்த்தே முதுகெலும்பால் குனியப் பழகிவிட்டோம். அதைக் கழற்றத்தான் இத்தனை நாள்.

துடுப்பு வலிக்கும்போது பெரிய தசைகளான பின்புறமும் தொடையும் வேலைக்கு வருவது இந்த மடிப்பின் வழியாகத்தான். இது இல்லாவிட்டால் மிஞ்சுவது கை மட்டுமே. கை சீக்கிரம் களைத்துவிடும்.

6. மேல் உடம்பைத் திருப்புதல்

பைப்பைத் தோள்களின் மேல் குறுக்கே வைத்து, இடுப்பை லேசாக மடக்கி நின்று, இரண்டு பக்கமும் திரும்புங்கள். முட்டிகள் முன்னோக்கியே இருக்கட்டும். 20 முறை.

வலது பக்கம் துடுப்பு போடும்போது வலது தோள் முன்னே போகும், நெஞ்சு இடப்பக்கம் பார்க்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். துடுப்பு வலப்பக்கம் இருக்கிறதே என்று நெஞ்சையும் வலப்பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எட்டும் தூரம் குறையும்.

உயிர்காப்பு அங்கி கைவசம் இருந்தால் இதைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள். தண்ணீரில் அது இல்லாமல் போகப் போவதில்லை. அதைப் போட்டால் திருப்பம் எவ்வளவு குறைகிறது என்பதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

7. துடுப்பு அசைவு: நீட்டு, நடு, வலி, எடு

முதலில் பிடிப்பு. பைப்பைத் தலைமேல் கிடையாக வையுங்கள். ஒரு கை டி பிடியில். மறு கை, இரண்டு முழங்கைகளும் செங்கோணத்தில் வரும் இடத்தில். அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். கை நெருங்கிவிட்டால் நெம்பும் திறன் குறையும், பயத்தில் எல்லாரும் நெருக்கித்தான் பிடிப்பார்கள்.

நீட்டு: இடுப்பை மடக்கி, தோளைத் திருப்பி, கீழ்க்கையை நேராக முன்னே கொண்டுபோங்கள்.

நடு: பைப்பின் முனை தரையைத் தொடட்டும். தண்ணீரில் பிளேடு முழுக்க மூழ்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், தரையில் தொட்டதும் மனதுக்குள் ‘ஒன்று’ எண்ணுங்கள். அவசரக்காரர்கள் பாதி பிளேடு மூழ்கும்போதே இழுத்துவிடுவார்கள். தண்ணீர் சிதறும், பலகை நகராது.

வலி: இடுப்பை நிமிர்த்தி, தோளைத் திருப்பி நேராக்குங்கள். கீழ்க்கை ஏறக்குறைய நேராகவே இருக்க, மேல்கை பிடியைக் கீழ்நோக்கி அழுத்தும்.

எடு: முனை பாதத்தருகே வந்ததும் வெளியே எடுங்கள். பாதத்தைத் தாண்டி இழுத்தால் பிளேடு தண்ணீரை மேல்நோக்கி அள்ளும், பலகையின் பின்முனையான வால் அமுங்கும், முன்முனையான மூக்கும் திரும்பிக்கொள்ளும்.

கைபேசியைச் செங்கல்லில் சாய்த்து இரண்டு வீடியோ எடுங்கள். முன்னாலிருந்து எடுத்ததில் பைப் செங்குத்தாகத் தெரிய வேண்டும். அதாவது மேல்கை, பலகையின் விளிம்பைத் தாண்டி, கீழ்க்கைக்கு நேர் மேலே வர வேண்டும். பக்கத்திலிருந்து எடுத்ததில் இழுவை பாதத்தோடு நிற்க வேண்டும்.

சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கிற ஒரு தம்பி, “அண்ணா, நான் நேராத்தான் வலிக்கிறேன், போர்டுதான் திரும்புது” என்று சாதித்தார். மாடியில் வைத்து எடுத்த எட்டு விநாடி வீடியோவைக் காட்டினேன். அவருடைய மேல்கை மூக்குக்கு நேரே நின்றது, பைப் தரையில் அரிவாள் மாதிரி வளைவு போட்டது. “இது நானா?” என்றார். அடுத்த வாரமே பலகை நேராகப் போனது.

உண்மையான துடுப்பு கைக்கு வரும்போது ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பிளேடு தண்டிலிருந்து சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பலகையின் மூக்குப் பக்கம் பார்க்க வேண்டும். கரண்டி மாதிரி அள்ளத் தோதாக இருக்கிறதே என்று புதியவர்களில் பாதிப்பேர் திருப்பிப் பிடிப்பார்கள்.

8. வேட்டிமேல் ஒரு சவாரி

ஒன்றை உடம்புக்குப் புரியவைக்க இந்தப் பயிற்சியைப் போல் வேறு எதுவும் உதவவில்லை. துடுப்பை நாம் பின்னே இழுப்பதில்லை. அதைத் தண்ணீரில் முளைக்குச்சி மாதிரி நட்டுவிட்டு, பலகையை அதன் பக்கம் கொண்டுபோகிறோம்.

டைல்ஸ் அல்லது மொசைக் தரையில் வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் முழந்தாளிட்டு உட்காருங்கள். பைப்பைச் சற்றுக் கீழே தள்ளிப் பிடித்து, ரப்பர் முனையை முன்னே ஊன்றுங்கள். மேல்கையால் அழுத்துங்கள். இடுப்பை நிமிர்த்துங்கள். வேட்டியோடு நீங்கள் முன்னே வழுக்குவீர்கள், பைப் நட்ட இடத்திலேயே நிற்கும்.

கையை மட்டும் மடக்கி இழுத்துப் பாருங்கள். ரப்பர் முனை வழுக்கிக்கொண்டு பின்னால் வரும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். தண்ணீரிலும் இதேதான் நடக்கிறது, அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பக்கத்துக்கு ஐந்து இழுவை வீதம் மாற்றி மாற்றி. மூன்று தடவை போய் வந்தால் போதும். சக்கரப் பலகையில் நின்றுகொண்டு ரப்பர் முனைத் தடியால் ஊன்றிப் போகும் பயிற்சியும் வெளிநாடுகளில் உண்டு. நம்மூர்த் தெருவில், வேகத்தடைக்கும் நாய்க்கும் நடுவே, அது சரிப்படாது.

9. ரப்பர் பட்டையோடு

பட்டையின் ஒரு நுனியைக் கேட்டின் அடிக்கம்பியில் கட்டி, மறுநுனியைப் பைப்பின் கீழ்ப்பகுதியில் இறுக்கிக் கட்டுங்கள். கேட்டைப் பார்த்து நின்று, ஏழாவது பகுதியில் செய்த அதே அசைவு. பக்கத்துக்கு 12 இழுவை, மூன்று சுற்று. முனையைத் தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கியே இழுங்கள்.

பட்டை கனமாக இருந்தால் உடனே கீழ்முழங்கை மடங்கும், கிணற்றில் கயிறு இழுப்பது போல ஆகிவிடும். அப்போது இன்னும் மெல்லிய பட்டைக்கு இறங்குங்கள். ஈகோ பார்க்க வேண்டாம்.

10. வலு (வாரம் இரண்டு நாள், பின்னர் மூன்று)

முதல் வருடம் மூன்று மாதம் வெறும் புல்-அப் மட்டுமே எடுத்துவிட்டு நான் தண்ணீருக்குப் போனேன். ஒன்பது மணிக்குக் கிளம்பியவன், பதினொரு மணிக்குக் கடற்காற்று கிளம்பியதும் முழந்தாளில் உட்கார்ந்துதான் திரும்பினேன். இடது தோள் இரண்டு வாரம் தூக்க முடியவில்லை. இழுக்கும் தசைக்குக் குறைவில்லை, சேர்த்துப் பிடிக்கிற தசைகள்தான் இல்லை. அதனால்:

தண்ணீர் கேனைப் பாதி நிரப்பி, கால்களுக்கு நடுவே வைத்து, இடுப்பை மடக்கித் தூக்குவது 10 முறை. தோப்புக்கரணம் 15. ஒரு காலை முன்னே எடுத்து வைத்து முட்டிகளை மடக்கி இறங்கும் லஞ்ச், ஒவ்வொரு காலுக்கும் 8. ஒரு கையால் பையைத் தூக்கி இழுக்கும் ரோயிங் பக்கத்துக்கு 10. புஷ்-அப் முடிந்த அளவு. பிளாங்க், சைடு பிளாங்க் 30 விநாடி வீதம். முழங்கையை விலாவோடு ஒட்டி, பட்டையை வெளிப்பக்கம் இழுக்கும் தோள் பயிற்சி 15. இவற்றை மூன்று சுற்று.

கடைசியாக ஒற்றைக்கைச் சுமை. ஒரு கையில் மட்டும் 10 லிட்டர் வாளி, உடம்பு சாயாமல் 40 அடி நடை, பிறகு மறு கை. துடுப்பு எப்போதும் ஒரு பக்கம்தான் இழுக்கிறது, மறுபக்க விலாத்தசைகள் அதைத் தாங்க வேண்டும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

11. சமநிலையும், முழந்தாளிலிருந்து எழுவதும்

ஒற்றைக்கால் நிலை, பிறகு தலையணைமேல் ஒற்றைக்கால், பிறகுதான் உருளைமேல் வைத்த சமநிலைப் பலகை. சுவரோரம், வீட்டுக்குள் மட்டும். குட்டைக் கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் கூடவே கூடாது. ஜிம் பந்தின்மேல் ஏறி நிற்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நம் பலகை பெரும்பாலும் பக்கவாட்டில், மெதுவாக ஆடும். பந்து எல்லாப் பக்கமும் சட்டென்று உருளும். அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வதற்கு எந்த அவசியமும் இல்லை.

சாக்பீஸ் பலகைக்குத் திரும்புங்கள். கைப்பிடிக் கோட்டருகே முழந்தாள். பைப் முன்னே குறுக்காக, அதன்மேல் இரு கைகள். ஒரு முட்டி இருந்த இடத்தில் அந்தக் காலின் பாதம், பிறகு மற்றது. குந்திய நிலையில் தலையை நிமிர்த்திப் பார்வையை முன்னே வைத்து எழுந்து, எழுந்த மறுகணமே ஒரு இழுவை போடுங்கள். ஓடுகிற சைக்கிள் நிற்கிற சைக்கிளைவிட ஆடாது, பலகையும் அப்படித்தான். பத்து முறை எழுந்து, பத்து முறை அதே வரிசையில் இறங்குங்கள். காற்று கூடும்போது சட்டென்று முழந்தாளுக்கு இறங்கத் தெரிவது, எழத் தெரிவதைவிட முக்கியம்.

விழுந்தபின் தண்ணீரிலிருந்து பலகைமேல் ஏறுவதை மட்டும் தரையில் பழக முடியாது. புஷ்-அப் உதவும், மற்றதை ஆழம் குறைந்த இடத்தில் ஒருவர் துணையோடு பழகுங்கள்.

12. ஆறு வாரத்தைப் பிரிப்பது

1, 2ஆம் வாரம்: மூன்று முதல் ஐந்து வரையுள்ள பகுதிகள், தினமும் 20 நிமிடம். வலுப் பயிற்சி கிடையாது. கை துருதுருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

3, 4ஆம் வாரம்: ஆறு, ஏழு, எட்டு. வாரம் இரண்டு நாள் வலு. வாரக் கடைசியில் வீடியோ.

5, 6ஆம் வாரம்: ரப்பர் பட்டையில் வலம் 30 விநாடி, இடம் 30 விநாடி, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. வலு மூன்று நாள், நடுநடுவே சமநிலை. ஒரு நாள் முழு ஓய்வு. எதிர்காற்றில் திரும்பும்போது பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் வலிக்க வேண்டி வரும், நிறுத்தினால் பின்னுக்குத் தள்ளிவிடும். இந்தச் சுற்றுகள் அதற்காக.

தசை வலித்தால் மறுநாள் பாதி அளவு செய்யலாம். மூட்டுக்குள் குத்தினால் நிறுத்துங்கள்.

13. தண்ணீரில் முதல் நாள்

விடிந்ததும் போங்கள், கடற்காற்று கிளம்புவதற்கு முன் கரைக்கு வந்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கி, காலைப் பலகையோடு பிணைக்கும் கயிறு. ஆற்று நீரோட்டம் உள்ள இடமென்றால் கணுக்கால் கயிறு ஆபத்து. எதிலாவது சிக்கிக்கொண்டால் குனிந்து கழற்ற முடியாது, அங்கே சட்டென்று கழற்றக்கூடிய இடுப்புக் கயிறுதான் வேண்டும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்தபின் அது திருப்பிக் கொண்டுவரட்டும்.

முதல் பத்து நிமிடம் முழந்தாளிலேயே. எழுந்ததும் இருபது இழுவை மட்டும் எண்ணி, ஒவ்வொன்றிலும் பாதத்தருகே துடுப்பை எடுத்தோமா என்று பாருங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள். கால்விரல்கள் பலகையைக் கவ்வ ஆரம்பித்திருக்கும், அவற்றைத் தூக்கி விடுங்கள்.